கணக்குக்கு உட்கார்ந்த குடிசை

மங்கதாயாரு தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தாள். வெள்ளக் காலத்தில் கோதாவரித் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி இருக்கும். கொட்டையை உரசி, கையால் ஒரு சுழற்றுச் சுழற்றி மூடி வைத்தால் வெயில் ஏறுவதற்குள் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். பேரய்யாவுக்கு அதுவரை பொறுமை கிடையாது. சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் கலங்கலா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

"பொறந்ததிலேருந்து இந்தச் சேத்தைத்தான் குடிக்கிறேன் தாயாரு. வயித்துக்குள்ள இந்நேரம் ஒரு திட்டு எழும்பியிருக்கும். நாலு வாழை வைக்கலாம்."

"வைங்க. அதையும் கோதாரி கொண்டுபோகட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே தானே மொண்டு குடித்தார். பல்லில் மண் நெருடியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். மீசையைத் துடைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மத்தியானத்துக்குப் பருப்புல புளிச்சக்கீரை போடு. வெங்காயத்தை நறுக்காத, முழுசா வை. ஏசுபாதம் படகைத் தண்ணியில தள்றேன்னான். நம்ம மண்ணு எவ்வளவு மிஞ்சிச்சுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

வீட்டில் புளிச்சக்கீரை தீர்ந்துபோயிருந்தது. அதை இப்போதே சொன்னால் வாக்குவாதம் வரும் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

படித்துறை அங்கிருந்து கூப்பிடு தூரம். ஏசுபாதம் படகின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தான், பேரய்யா மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். வழுக்கிவிட்டார் என்று நினைத்து ஏசுபாதம், "என்ன மாமா, குளிக்கவா வந்தீங்க?" என்று கேட்டானாம். பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

படகின் பலகையில் கிடத்தித்தான் மேலே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கம்பவுண்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சிந்தலரேவு வெள்ளக் காலத்தில் ஆற்றைவிடத் தாழ்ந்த ஊர். ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் உயரமான மண்கட்டு ஒன்று நிற்பதால் ஊர் பிழைத்துக் கிடந்தது. கட்டின் மேல் நின்று ஒரு பக்கம் பார்த்தால் பஸ் ஸ்டாண்டும் சினிமாக் கொட்டகையும் தேங்காய் மண்டியும் தெருக்களும் காலுக்குக் கீழே கிடக்கும். மறுபக்கம் தண்ணீர் பாதிச் சரிவுவரை ஏறிச் சுழித்துக்கொண்டு போகும். அந்த மறுபக்கச் சரிவின் மேல்பாதியில்தான், ஆற்றைப் பார்த்த மாதிரி, கொத்தலங்கக்காரர்களின் ஓட்டுக் கொட்டகைகள் இருந்தன.

கொத்தலங்க ஆற்று நடுவே கிடந்த பெரிய திட்டு; சுருக்கமாக லங்க என்பார்கள். புகையிலையும் மிளகாயும் வாழையும் அங்கே விளைந்ததுபோல் கட்டுக்கு உள்ளே ஒருநாளும் விளைந்ததில்லை. ஆறு போக்கு மாறி வருஷா வருஷம் அதைக் கடித்துக்கொண்டு வந்தது. கரை வீட்டுச் சுவரை நெருங்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் தாங்களே ஓட்டைப் பிரித்து, கதவைக் கழற்றி, காய்த்துக்கொண்டிருந்த தென்னையையும் வெட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து கட்டின் சரிவில் கூரை போட்டுக்கொள்வார்கள். மங்கதாயாரு வாழ்க்கைப்பட்டு வந்த வீடும் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தது. கட்டு சர்க்காருடையது. ஆழமாக ஒரு கம்பு ஊன்றினால்கூட ஆள் வந்து பிடுங்கச் சொல்லுவான்.

பிணத்தைக் கொட்டகை வாசலில் போட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் மேலே ஒரு தார்ப்பாயைப் பிடித்துக் கட்டினார்கள். கல்யாணம் ஆகி வெளியூர் போயிருந்த ஒரே மகளுக்குச் சேதி சொல்ல வழியில்லை. ரோடு மூழ்கி பஸ் ஓடவில்லை. பேரய்யாவின் தம்பி நூக்கராஜு தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பக்கத்துக் கொட்டகை அப்பாயம்மா ஒப்பாரி வைத்தாள். ஒப்பாரி ஓய்ந்தபோது யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"எங்க கொண்டுபோறது?"

கொத்தலங்கக்காரன் செத்தால் கொத்தலங்கயில்தான் எரிப்பார்கள். அந்தச் சுடுகாடு சரியத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஒரு மூலையையும் இந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கட்டின் மேல் நின்று பார்த்தாலே தெரிந்தது. அந்த இடத்தில் தண்ணீர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஊருக்குள்ளதான் கேக்கணும்," என்றான் நூக்கராஜு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மங்கதாயாரு.

"பஞ்சாயத்து ஆபீசுல கேக்கச் சொன்னாங்க வதினா. ஆபீசுல போனா, உங்க வார்டுக்குத்தான் தனியா சுடுகாடு இருக்கேங்கிறாரு பிரசாதராவு. நான் என்னத்தைச் சொல்ல?"

மங்கதாயாரு எழுந்தாள். புருஷன் வாசலில் கிடக்கும்போது பெண்பிள்ளை படி இறங்கக் கூடாது என்று இரண்டு பேர் பிடித்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்து, கட்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினாள். அப்பாயம்மா முனகிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

குமாஸ்தா பிரசாதராவு நல்ல மனுஷர். அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஊரின் படம் பெயிண்டில் வரைந்திருந்தது. ஆறு நீலம், ஊர் மஞ்சள். ஆற்று நடுவே கொத்தலங்க பச்சையாக, ஒரு மாம்பழம் அளவுக்கு இருந்தது.

"உக்காருங்கம்மா. பேரய்யா போயிட்டாருன்னு கேட்டதும் எனக்குக் கை கால் ஓடல."

"உக்கார்றதுக்கு வரலய்யா. எடம் வேணும். மழை விடாது, ஒடம்பு தாங்காது."

"இருக்கிற சுடுகாடெல்லாம் தெருக்காரங்களோடதும்மா. எது மேலயும் எனக்கு அதிகாரம் கெடையாது. உங்க வார்டுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதனால புதுசா குடுன்னு நான் மேல எழுதவும் முடியாது."

"இருக்கா? எங்க இருக்கு? வந்து காட்டுங்க."

"நான் சொல்லலம்மா. படம் சொல்லுது."

"படத்துல வச்சு எரிக்க முடியுமா?"

பிரசாதராவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க என்னைக் கேக்கிறீங்க. போன தடவை தலை எண்ண வந்தப்போ நானும்தானே கூட வந்தேன்? லங்கயில குடி இருக்கு, ஆளு இருக்குன்னு எழுதச் சொன்னது யாரு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஜனக்கணக்கு எடுக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தால் கட்டின் சரிவில் அன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். கோழி, ஆடு, சட்டிபானை, தொட்டில் குழந்தை எல்லாம் படகில் ஏறும். திட்டின் நடுவில் பழைய காலத்தில் வெள்ளத்துக்கென்று போட்ட மண்மேடு ஒன்று இருந்தது. அதன்மேல் கூரைச் சட்டமாகப் பனங்கைகள் வைத்து, பனையோலை மேய்ந்த நீளக் குடிசை ஒன்று. அதைச் சுற்றிலும் கம்பு நட்டு, ஓலைத் தடுப்பு கட்டி, தனித்தனி வீடு மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள். அடுப்பு புகையும். எண்ண வந்தவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் உளுந்து வடையும் தின்னத் தின்ன வரும். பிரசாதராவு அன்றைக்கு ஏப்பம் விட்டுக்கொண்டே, "பேரய்யாகாரு, உங்க சனம் எண்ணிக்கை ஏறிக்கிட்டேதான் போகுது, மண்ணு மட்டும்தான் குறையுது," என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பேரய்யா அவர் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

ஆறு கொண்டுபோன மண்ணை ஆறே ஒருநாள் திரும்பப் போடும். பேரய்யாவின் தாத்தா காலத்தில் அப்படி ஒருமுறை போட்டிருக்கிறது. எழும்புகிற மண் திட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் சேரும், கட்டின் சரிவில் குடியிருப்பவர்களுக்கு இல்லை. அதனால்தான் இந்தப் பாடு.

"சம்சாரித் தெரு கொண்டலராவைப் பாருங்கம்மா," என்றார் பிரசாதராவு. "உங்க சாதிதானே. அவரு தலையாட்டினா நான் குறுக்க வரமாட்டேன்."

கொண்டலராவு தேங்காய் மண்டியில் இருந்தார். மட்டை உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள். சாதி மட்டும் அல்ல, பெண் கொடுத்து எடுத்த உறவும் இருந்தது. மங்கதாயாருக்கு அவர் அண்ணன் முறை.

"வந்திருக்க வேண்டியது நான்தான்," என்றார். "வரக் கெளம்பினேன். என்ன சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியாம இருக்கேன்."

"வாய்க்கால் ஓரத்துல உங்க காட்டுல ஒரு மூலை குடுங்க அண்ணய்யா. ஒரே ஒரு தரம்."

"மூலையை நான் இன்னைக்கா குடுக்கிறேன்? அன்னைக்கே குடுத்தேனே. உங்க சுடுகாடு பாதி சரிஞ்சப்போ ராமாலயத்து முன்னாடி நானேதான் சொன்னேன். ஒரு மூலையை எடுத்துக்கோங்க, எங்க தெருவோட சேந்துக்கோங்கன்னு. உம் புருஷன் என்ன சொன்னான்?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பேரய்யா கைகூப்பிக்கொண்டு, "பொழைக்கத்தான் பாவா உங்க ஊரு. செத்தா எங்க ஊருக்குப் போயிடுவோம்," என்று சொன்னார். கொத்தலங்கக்காரர்கள் அன்றைக்குக் கைதட்டினார்கள். அவளும் வீட்டுக்கு வந்ததும், "நல்லா சொன்னீங்க," என்றுதான் சொன்னாள்.

"அவரு சொன்னது சரியோ தப்போ, ஆளு போயாச்சு. போனவரோட எதுக்கு வழக்கு?"

"வழக்கு இல்ல தாயாரு. எந் தெருக்காரன் கேப்பான். இன்னைக்கு ஒண்ணுன்னு விட்டா, வரிசையா தூக்கிட்டு வருவீங்க, கணக்குக்கு மட்டும் படகேறிப் போயிடுவீங்க. எங்களுக்கு எதுல பங்கு? கோயில் வரி குடுக்கிறதில்ல, வாய்க்கால் வெட்ட ஆளு அனுப்புறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. ராமாலயத்துகிட்ட நாலு பேரைக் கூட்டறேன். லங்க முடிஞ்சுபோச்சு, இனிமே நாங்க இந்தத் தெருன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. விறகு நான் போடறேன். தோள் குடுக்க எம் புள்ளைங்க வருவாங்க."

மங்கதாயாரு வாயைத் திறந்தாள். அப்பாயம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லிடாதடி! எம் பேத்திக்கு அந்த ரெண்டு ஏக்கராவைச் சொல்லித்தான் வரன் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எந்த ரெண்டு ஏக்கரா?" என்றார் கொண்டலராவு.

"லங்கயில எங்களுது."

"அதுமேல இப்ப படகு போகுது அப்பாயம்மா."

"போகட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேட்டுப்பக்கத்துக்காரங்க, அவங்களுக்குத் தெரியவா போகுது? மண்ணு எழும்பினதும் காட்டிடுவேன்."

மட்டை உரித்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். கொண்டலராவு அவனை முறைத்தார். பிறகு மங்கதாயாருவைப் பார்த்து, "பாத்தியா? இதுக்குத்தான்," என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கொண்டலராவு மேல், படத்தின் மேல், அப்பாயம்மா மேல், எல்லாரையும்விட அதிகமாக வாசலில் நிம்மதியாகக் கிடந்த மனிதர் மேல். ராமாலயத்து முன்னால் கைதட்டல் வாங்கிக்கொண்டு, கஷ்டத்தை அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பொழுதுக்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் சொன்ன பிறகு சரிவில் இருக்கிற ஒரு கொட்டகையிலும் அவளுக்குத் தண்ணீர் கிடைக்காது.

"யோசிச்சு ஆள் அனுப்பறேன் அண்ணய்யா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வழியில் விறகுக் கடைக்காரன் கேட்காமலே சொன்னான்: "எல்லாம் நனைஞ்ச மாங்கட்டை அம்மா. எங்க வச்சாலும் பொகையும், எரியாது."

கட்டின் மேல் ஏறும்போது அப்பாயம்மா மூச்சு வாங்கினாள். "எம் மேல கோவமா?"

"பேசாம வா அத்தே."

கொட்டகை வாசலில் ஈக்கள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. ஒருத்தி வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். நூக்கராஜு ஓடி வந்தான்.

"என்னாச்சு?"

அவள் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் போய்ச் சொல்றேன் அந்த வார்த்தையை. எவன் கேக்கிறான்? எங்க அண்ணன் நாறிக்கிட்டுக் கெடக்கணுமா?"

"நீ யாருடா சொல்றதுக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்தான். "உனக்கு இருந்தது அரை ஏக்கரா. எனக்கு நாலு."

"நாலு ஏக்கராவும் மீனு மேயுது, போய் அறுத்துக்கிட்டு வா!"

"பொணத்தை வச்சுக்கிட்டு அடிச்சுக்காதீங்கப்பா," என்று ஏசுபாதம் நடுவில் புகுந்தான். தலையைச் சொறிந்துகொண்டு மங்கதாயாருவிடம் வந்தான். "அக்கா, எங்க கல்லறையில நான் கேட்டுப் பாக்கட்டா? பாஸ்டர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. பொதைக்கிறதுதான், எரிக்க முடியாது."

"உங்க மாமாவைப் பொதைச்சா எழுந்து வந்து என்னைத் திட்டுவாரு." அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு ஆற்றைப் பார்த்தாள். "ஏசுபாதம், லங்கயில என்ன மிச்சம் இருக்கு? மாமா பாக்கப் போனது அதைத்தானே?"

"மேடு இருக்குக்கா. குடிசை நிக்குது. கட்டு மேலேருந்தே தெரியுதே."

"மேட்டுக்குத் தண்ணி ஏறிச்சா?"

"இல்ல. ரெண்டு படி கீழேயே நின்னுபோச்சு."

"கூரை?"

"போன சித்திரையிலதானே மாமா புதுசா மேஞ்சாரு. சொட்டாது. உள்ள காஞ்சுதான் கெடக்கும்." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு அவள் கேட்பது புரிந்தது. "அக்கா..."

"வெறகும் இருக்கு, எடமும் இருக்கு. படகைக் கட்டு."

எல்லோருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்பாயம்மாதான் முதலில் கத்தினாள்.

"அடிப் பாவி! அதைக் கொளுத்திட்டா, எண்ண வரும்போது நாங்க எங்கடி உக்காருவோம்?"

"வேற கட்டிக்கோங்க."

"கட்டறதுக்கு ஆளு? மேல ஏறி மேஞ்சது உம் புருஷன் ஒருத்தன்தானே? நாங்க எல்லாம் கெழங்க, இதுங்க எல்லாம் கூலிக்குப் போற பசங்க."

"அப்ப நான் என்ன செய்யட்டும், சொல்லு. அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுங்கிற. இங்க வச்சுக்கவும் முடியாது. எதையாவது ஒண்ணை விடு அத்தே, நான் கேட்டுக்கறேன்."

அப்பாயம்மா எதையும் விடவில்லை. அவள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, பேரய்யாவின் பேரைச் சொல்லித் திட்டினாள். நாலு ஏக்கராக்காரன் பலகையின் ஒரு முனையைப் பிடித்தான்.

ஏசுபாதம் படகைக் கரையோரமாக மேல்நோக்கி வெகுதூரம் இழுத்துப் போய், அங்கிருந்து ஆற்றில் விட்டான். வெள்ளத்தில் நேராகக் கடக்க முடியாது; மேலே போய் இறங்கினால்தான் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும். வேரோடு ஒரு வாழை மிதந்து போனது. பிணத்தோடு பெண் வருவது வழக்கமில்லை. மங்கதாயாரு ஏறி உட்கார்ந்திருந்தாள், தடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. தூறல் நின்றிருந்தது. பேரய்யாவின் காலில் படித்துறைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அதைக் கழுவினாள். கழுவிய தண்ணீரும் சேறுதான், கால் இன்னும் சிவப்பாயிற்று.

மேட்டில் ஏறியதும் ஒரு நல்ல பாம்பு குடிசைக்குள்ளிருந்து வந்து, அவசரமில்லாமல் இறங்கிப் போனது. ஆண்கள் ஓலையைப் பிரித்தார்கள். உள் ஓலை சருகு மாதிரி மொறுமொறுத்தது. பனங்கைகளை ஒவ்வொன்றாக உருவி அடுக்கினார்கள். நல்ல வைரம் பாய்ந்த சட்டங்கள். அவற்றைப் பேரய்யா எந்தெந்த வீட்டிலிருந்து கழற்றி வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதோ அது அப்பாயம்மா வீட்டு உத்திரம். இது தன் மாமனார் செத்த அறையில் இருந்தது.

கடைசியில் கதவு மிஞ்சியது. போன கணக்கின்போது ஆட்கள் அதில் வீட்டு எண்ணைக் கரிய மையால் எழுதியிருந்தார்கள். மழை படாத பக்கம் என்பதால் நேற்று எழுதிய மாதிரி இருந்தது. நூக்கராஜு அதைத் தூக்கியவன் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"வதினா, இதை மட்டுமாவது வச்சுக்கலாமா? காட்டறதுக்கு?"

"யாருகிட்ட காட்டுவ?"

"தெரியல."

"நெஞ்சு மேல வை. கனமா இருந்தாத்தான் எரியும்போது ஒடம்பு எழும்பாது."

வைத்தான். தீ பிடித்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் மேட்டின் விளிம்புக்குத் தள்ளிப் போக வேண்டியதாயிற்று. அதற்கு மேல் தள்ள இடமில்லை. பின்னால் தண்ணீர். அக்கரையில் கட்டின் மேல் ஊர் முழுக்க ஏறி நின்றது. நடுவில் நின்ற வெள்ளை வேட்டி கொண்டலராவாகத்தான் இருக்க வேண்டும். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுவது தெரிந்தது.

காரியம் கழிந்ததும் கொண்டலராவு வந்தார். ஒரு மூட்டை அரிசியும் தேங்காயும் இறக்கிவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"நான் இடம் இல்லைன்னு சொன்னேனா தாயாரு? ஊரு என்னைத்தான் பேசுது. ஒரு வார்த்தைதானே கேட்டேன்."

"ஒரு வார்த்தைதான் அண்ணய்யா," என்றாள் அவள். அவர் போன பிறகு அரிசியை அளக்காமல் அப்பாயம்மா வீட்டுக்குப் பாதி அனுப்பினாள். அது அப்படியே திரும்பி வந்தது.

அப்பாயம்மா அடுத்த மழைவரை அவளோடு பேசவில்லை. பேத்தி கல்யாணம் வேறு எதையோ காட்டி நடந்தது; அதற்கும் அழைப்பு வரவில்லை. அந்த மேட்டை மறு வருஷ வெள்ளம் இரண்டே நாளில் கரைத்துவிட்டது. பிற்பாடு கணக்கெடுக்க வந்தபோது பிரசாதராவு படகுத்துறைவரை வந்து, ஆற்றைப் பார்த்துவிட்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் போனார். என்ன எழுதினார் என்று சரிவில் இருந்தவர்களுக்குத் தெரியாது. வாய்க்கால் ஓரத்து மூலையில் கருவேலம் மண்டிக் கிடந்தது. ராமாலயத்து முன்னால் அந்த ஒரு வார்த்தையைப் போய்ச் சொல்ல இரண்டு தடவை ஆட்கள் கிளம்பினார்கள். யார் சொல்வது என்பதில் சண்டை வந்து, பாதி வழியில் திரும்பினார்கள்.

மங்கதாயாரு அமலாபுரத்துக்கு மகளைப் பார்க்கப் போய்விட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். கட்டு மேல் அந்தக் கொட்டகைகளுக்கு நேராக வண்டி நிற்கும்போது கண்டக்டர் கம்பியைத் தட்டி, "கொத்தலங்க, கொத்தலங்க எல்லாம் எறங்கு," என்றுதான் சத்தம் போடுகிறார். நாலைந்து பேர் இறங்குகிறார்கள்.